வாசகர் கேள்விகள்: பேர்ட்வெல் குடும்பமும் பெயர் போடாத திரைக்கதையும்

சென்ற இதழில், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கத்தக்க பழைய ஹாலிவுட் படம் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்த வாசகருக்கு, வில்லியம் வைலர் இயக்கி 1956ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ என்று ஒற்றை வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்துவிட்டுப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தவர்களும், பார்ப்பதற்கு முன்பு விவரம் வேண்டும் என்பவர்களும், பார்த்துவிட்டுக் கோபப்பட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு படத்துக்கே பக்கங்களைக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): படத்தின் கதையைச் சொல்லுங்கள். முக்கியமான திருப்பம் இருந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.

பதில்: திடீர்த் திருப்பங்களை நம்பி எடுத்த படமில்லை இது. ஆனாலும் கீழே வரும் பதில்களில் முடிவு வரை பேசியிருப்பதால், கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை நடப்பது 1862இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் இரண்டாம் ஆண்டை எட்டியிருந்த காலம். இடம், ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே, தெற்கு இந்தியானாவில் ஒரு பண்ணை. ஆற்றின் அக்கரையில் இருப்பது கென்டக்கி. அந்த வழியாகத் தென் மாநிலங்களின் குதிரைப்படை எந்த நாளும் உள்ளே நுழையலாம் என்ற அச்சம் ஊரில் இருக்கிறது. பண்ணைக்காரர் ஜெஸ் பேர்ட்வெல்லாகக் கேரி கூப்பரும், அவருடைய மனைவி எலைசாவாக டோரதி மெக்வயரும் நடித்திருக்கிறார்கள். இவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்பது அந்தச் சமயத்தாரின் உறுதி. எலைசா வெறும் இல்லத்தரசி அல்லர். சபையில் பேசும் உரிமை பெற்ற போதகர். மூத்த மகன் ஜோஷ், காதலில் விழுந்திருக்கும் மகள் மேட்டி, வீட்டு வாத்தோடு தீராப் பகை கொண்ட குட்டி ஜெஸ் ஆகியோரைச் சேர்த்தால் குடும்பம் நிறைந்துவிடும். வாத்தின் பெயர் சமந்தா. எலைசாவுக்கு அது செல்லப்பிள்ளை. சிறுவனுக்கோ பரம எதிரி.

படத்தின் பெரும்பகுதி இந்த வீட்டின் அன்றாடம்தான்: ஞாயிற்றுக்கிழமை வழிபாடு, ஊர்ச் சந்தை, ஒரு இசைக்கருவியை முன்னிட்டுக் கணவன் மனைவிக்குள் மூளும் சண்டை, ஒரு குதிரை பேரம். கடைசிப் பகுதியில் போர் வாசலுக்கு வருகிறது. ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லி வந்த ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பதுதான் மீதிக் கதை.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): குவேக்கர்கள் யார்? ஒரு ஆர்கன் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்காக ஒரு மனைவி வீட்டைவிட்டு வெளியேறித் தொழுவத்தில் படுத்துக்கொள்வது நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: நம்பலாம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இயக்கம் அது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்கக் குருமார் வேண்டியதில்லை, சடங்குகளும் வேண்டியதில்லை என்பது அடிப்படை. வழிபாடு என்பது எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பது. யாருக்கு உள்ளிருந்து தூண்டுதல் வருகிறதோ அவர் எழுந்து பேசுவார், ஆணாயினும் பெண்ணாயினும். ஏறத்தாழ எல்லாத் திருச்சபைகளும் பெண்களைப் பேசவிடாத காலத்திலேயே குவேக்கர் பெண்கள் ஊர் ஊராகப் போதித்துச் சிறை சென்றார்கள். எனவே எலைசாவின் அதிகாரம் திரைக்கதையாசிரியர் தம் காலத்துக்கேற்பப் புகுத்திய புதுமையன்று.

இதே நம்பிக்கையிலிருந்துதான் மற்றவையும் வருகின்றன. எதிரிக்குள்ளும் அந்த ஒளி இருக்கும்போது அவனைக் கொல்வது எப்படி என்று கேட்டவர்கள், எவ்வகைப் போரிலும் பங்கெடுப்பதில்லை என்று 1661ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசர் இரண்டாம் சார்லஸுக்கே எழுதிக் கொடுத்தார்கள். அடிமை முறையை எதிர்ப்பதில் அமெரிக்கக் குவேக்கர்கள் முன்வரிசையில் நின்றார்கள். இதே இந்தியானாவின் நியூபோர்ட் என்ற ஊரில் லீவை காஃபின் என்ற குவேக்கர் வணிகர், தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்குத் தம் வீட்டைப் புகலிடமாக்கியிருந்தார். எளிய உடை, ஆடம்பரமில்லாத பேச்சு, மௌன வழிபாடு என்றிருந்த அந்த வாழ்க்கையில் இசைக்கருவி என்பது மனத்தை வெளியே இழுக்கும் வீண் பகட்டு. அது ஒரு போதகரின் வீட்டுக்கே வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எந்த முகத்தோடு சபையில் எழுந்து பேசுவார்? எலைசாவின் கோபம் இசையின் மீது வந்ததன்று. தன்னைக் கேட்காமல் தன் சொல்லின் மதிப்பைக் கணவன் விலைபேசிவிட்டான் என்பதால் வந்தது. தொழுவத்துக்குப் போகும்போது அவர் கூச்சலிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்): ஜோஷாக வரும் இளைஞரை எங்கோ பார்த்த நினைவு. ‘சைக்கோ’வில் வருபவரா?

பதில்: அவரேதான், அந்தோனி பெர்கின்ஸ். ‘சைக்கோ’ வந்தது 1960இல். ஜோஷ் வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டு விருது அந்தோனி குவினுக்குப் போனது.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): முதல் பாதி வாத்தும் குதிரைப் பந்தயமுமாக நகைச்சுவை; பிற்பகுதி துப்பாக்கியும் பிணமும். இரண்டு படங்களை ஒன்றாகத் தைத்ததுபோல் இருக்கிறதே, இது குறையல்லவா?

பதில்: தையல் தெரிகிறது என்பது உண்மை. அதற்கு மூலநூலும் ஒரு காரணம். ஜெஸமின் வெஸ்ட் 1945இல் வெளியிட்ட புத்தகம் ஒரே நாவலாக ஓடுவது அல்ல. பேர்ட்வெல் குடும்பத்தைப் பற்றிய தனித்தனிக் கதைகளின் தொகுப்பு. வெஸ்ட் இந்தியானாவில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தவர். தம் முன்னோர்களைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவற்றிலிருந்து அக்கதைகளை உருவாக்கினார். படத்தில் விதவை ஹட்ஸ்பெத்தும் அவருடைய மூன்று பெண்களும் வரும் பகுதி தனிக் கதையாகவே நிற்கிறது. சங்கோசப் பேர்வழியான ஜோஷை அந்த மூவரும் பாடாய்ப் படுத்தும் காட்சிகளை இன்னும் பாதியாகக் குறைத்திருந்தால் நான் வருந்தியிருக்க மாட்டேன்.

ஆனால் நகைச்சுவை முழுவதையும் குறை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சிரிப்புக்குள்தான் வைலர் தம் வேலையை முடித்துவைக்கிறார். ஜெஸ்ஸுக்கு வேகமான குதிரை மீது அடக்க முடியாத ஆசை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வழிபாட்டுக்குப் போகும் வழியில், மெதடிஸ்ட் சபைக்குப் போகும் அண்டை வீட்டு நண்பர் சாம் ஜோர்டனின் வண்டியோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறார். மனைவி பக்கத்தில் அமர்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்போது, குதிரை தானாகத்தான் ஓடுகிறது என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் கூப்பரைப் பாருங்கள். அறநெறியும் ஆசையும் ஒரே ஆளுக்குள் குடியிருப்பதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. பிறகு ஹட்ஸ்பெத்திடம் தம் அழகிய குதிரையைக் கொடுத்துவிட்டு, பார்க்க அவலட்சணமான ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி வருகிறார். கணவனுக்குப் பகட்டு ஒழிந்தது என்று எலைசா மகிழ்கிறார். வேறொரு குதிரை தன்னைத் தாண்டிச் செல்ல விடாது என்பதுதான் அந்தக் குதிரையின் குணம் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குத் தெரிகிறது.

ஆர்கன் விவகாரமும் அப்படியே. தொழுவத்தில் ஓர் இரவு கழிந்து, கணவனும் மனைவியும் சமாதானமாகித் திரும்பி, ஆர்கன் பரணுக்குப் போகிறது. அதாவது வீட்டில் இருக்கும், ஆனால் கண்ணில் படாது. சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்திருக்கும் வேளையில் மேட்டி பரணில் உட்கார்ந்து தன் காதலனுக்கு அதை வாசித்துக் காட்டத் தொடங்கிவிடுகிறாள். ஓசை கீழே கேட்டுவிடாதிருக்க ஜெஸ் திடீரென்று உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்குகிறார். வாசிப்பு நிற்கும்வரை ஜெபமும் நீள்கிறது. மூப்பர்களோ அந்த ஜெபத்தின் உருக்கத்தில் நெகிழ்ந்துபோகிறார்கள். இறைவன் பெயரால் ஒரு சிறிய ஏமாற்று. நாம் சிரித்துவிடுகிறோம்.

இப்படிச் சிரித்துச் சிரித்து, கொள்கையைச் சற்று வளைத்துக்கொள்வது குடும்ப வாழ்க்கையில் இயல்புதான் என்று நாமும் ஒப்புக்கொண்ட பிறகுதான், உயிரைக் கொல்வதா கூடாதா என்ற கேள்வியைப் படம் நம்முன் வைக்கிறது. பரணுக்கு அனுப்பி மறைத்துக்கொள்ளக்கூடிய விஷயமன்று அது. முதல் பாதியின் சலுகைகள் இல்லாவிட்டால், இந்தக் குடும்பம் சுவரில் மாட்டிய புனிதர் படமாகிவிடும்; பிற்பகுதியில் அவர்கள் தடுமாறுவதும் நமக்குப் பொருட்டாக இருக்காது.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): கொல்லாமையைப் பற்றிய படம் என்று நினைத்துப் பார்த்தேன். மகன் போருக்குப் போகிறான். தாய் துடைப்பத்தால் ஒருவனை அடிக்கிறாள். தந்தையும் துப்பாக்கியோடு புறப்படுகிறார். ‘ஆபத்து வந்தால் கொள்கையெல்லாம் காற்றில் பறக்கும்’ என்பதுதானே படத்தின் கட்சி? மகனைத் தடுத்து நிறுத்தாத அந்தத் தந்தையை நேர்மையாளர் என்று எப்படிச் சொல்வது?

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், எனவே பதில் சற்று நீளும். உங்கள் குற்றச்சாட்டில் ஒரு பகுதியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹாலிவுட் படத்தில், அதுவும் கேரி கூப்பர் நடித்த படத்தில், கடைசிவரை துப்பாக்கி வெடிக்காமலிருக்க வணிகம் இடம் கொடுக்காது. மூலநூலில் ஜோஷ் ஊர்க்காவல் படையோடு போகிறானே தவிர, யாரையும் கொல்வதில்லை. இருட்டில் மேட்டிலிருந்து விழுந்து அடிபடுவதோடு அவன் போர் முடிந்துவிடுகிறது. ஆற்றங்கரைச் சண்டையையும் அதில் அவன் அழுதபடியே சுடுவதையும் சேர்த்தது திரைப்படம்.

கூப்பர் தொடர்பாக ஒரு செய்தி உண்டு. படத்தில் ஆலோசகராகவும் இருந்த வெஸ்ட், அந்த அனுபவத்தைப் பின்னர் ஒரு நூலாக எழுதினார். கதாநாயகன் ஒரு கட்டத்தில் ஏதாவது செய்தாக வேண்டும், ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று கூப்பர் அவரிடம் சொல்லியிருக்கிறார். வலிமையுள்ள ஒருவன் தன்னை அடக்கிக்கொள்வதையே இம்முறை ரசிகர்கள் பார்க்கப்போகிறார்கள் என்ற கருத்தில் வெஸ்ட் பதில் சொல்லியிருக்கிறார். படத்தின் இறுதிப் பகுதி முழுவதும் இந்த இருவருக்கும் இடையிலான இழுபறியாகவே எனக்குத் தெரிகிறது. நல்லவேளையாக, ஜெஸ் விஷயத்தில் வெஸ்ட் பக்கம் வென்றது.

எப்படி என்று பார்ப்போம். மகனின் குதிரை ஆளில்லாமல் திரும்பி வருகிறது. ஜெஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மகனைத் தேடிப் புறப்படுகிறார். வழியில் நண்பர் சாம் ஜோர்டன் மறைவிலிருந்து சுடப்பட்டு உயிர் விடுகிறார். சுட்டவன் ஜெஸ்ஸையும் சுடுகிறான். குண்டு உரசிச் செல்கிறது. ஜெஸ் செத்தவர்போல் கிடந்து, அவன் அருகில் வந்ததும் பாய்ந்து பிடித்து, கட்டிப் புரண்டு, அவன் ஆயுதத்தைப் பறித்துவிடுகிறார். இப்போது அவர் கையில் துப்பாக்கி. எதிரே, ஆருயிர் நண்பனைக் கொன்றவன். உனக்குத் தீங்கு செய்ய மாட்டேன், போ என்று விட்டுவிடுகிறார். சொல்லும்போது கூப்பரின் முகத்தில் அருள் ஒளி எதுவும் வீசவில்லை. களைப்பும் வெறுப்பும்தான் இருக்கின்றன. கொல்லாமையை இவ்வளவு கசப்போடு காட்டிய வேறு ஹாலிவுட் காட்சி எனக்கு நினைவில்லை. ஆகவே, கொள்கை காற்றில் பறந்தது என்று நீங்கள் எழுதியது ஜெஸ்ஸுக்குப் பொருந்தாது.

எலைசாவின் கதை வேறு. கொள்ளைப்படை பண்ணைக்கு வந்ததும், அவர் கதவைத் திறந்து, இருக்கும் உணவையெல்லாம் எடுத்து வைத்து உபசரிக்கிறார். கொள்கை அற்புதமாக வேலை செய்கிறது. வந்தவர்கள் தலைகுனிந்து சாப்பிடுகிறார்கள். அப்போது ஒருவன் சமந்தாவைப் பிடித்துவிடுகிறான். அடுத்த கணம் எலைசா துடைப்பத்தால் அவனை அடிக்கிறார். சமையலறையையும் சேமிப்பையும் மனமுவந்து கொடுத்தவர், ஒரு வாத்துக்காகக் கை நீட்டிவிட்டார். பிறகு வெட்கம் தாளாமல், அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறார். காட்சி நகைச்சுவைதான். ஆனால் மகன் சமயத்துக்கு முதுகு காட்டினால் தனக்கே முதுகு காட்டுவதாகும் என்று அவனிடம் சொன்ன தாய் இவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இனி அவரால் ஜோஷை முன்புபோல் நியாயம் விசாரிக்க முடியாது.

ஜோஷைப் பற்றி. படத்தின் தொடக்கத்தில், மௌன வழிபாட்டின் நடுவே வடக்குப் படையின் அதிகாரி ஒருவர் வந்து, மற்றவர்கள் உங்களுக்காகச் சாகும்போது நீங்கள் சும்மா இருப்பது எப்படி என்று கேட்கிறார். நீ போருக்கு வராதது பயத்தினாலா என்ற கேள்வி ஜோஷை நோக்கி வரும்போது, அப்படியும் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்கிறான். சபை திடுக்கிடுகிறது. பர்டி என்ற மூப்பருக்குக் கோபம் பொங்குகிறது; எது நடந்தாலும் ஆயுதத்தைத் தொட மாட்டேன் என்று உரக்க முழங்குகிறவர் அவர். பின்னால் அவருடைய களஞ்சியம் எரிந்துபோகிறது. உடனே, எல்லோரும் துப்பாக்கி எடுங்கள் என்று ஓடி வருகிறவரும் அவரே. வராத ஜெஸ்ஸைத் தூற்றுகிறவரும் அவரே. ஐயுறவை மறைக்காத பையனையும் ஐயமே இல்லாத மூப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பதில்தான் படத்தின் கட்சி இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். ஆயுதம் எடுத்தாரா எடுக்கவில்லையா என்பதைக் கொண்டு படம் ஆட்களை எடைபோடவில்லை. எடுத்த முடிவு தமக்குள்ளிருந்து வந்ததா, சபைக்கோ கூட்டத்துக்கோ கோபத்துக்கோ பயந்து வந்ததா என்றே கேட்கிறது.

தந்தை தடுக்காததற்கும் இதுதான் காரணம். நான் அவனுக்குத் தகப்பன், அவனுடைய மனசாட்சி அல்ல என்ற பொருளில் ஜெஸ் மனைவியிடம் பேசுவார். ஒருவன் தன் மனசாட்சிப்படி வாழாவிட்டால் அந்த வாழ்வுக்கு மதிப்பில்லை என்பார். பிள்ளை தன் சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த நமக்கு இது பொறுப்பைக் கைகழுவுவதுபோல் தோன்றலாம். ஆனால் உள்ளொளியை நம்பும் சமயத்தவர் ஒருவர் இதைவிட வேறெப்படிப் பேச முடியும்? அந்த ஒளி மகனுக்குள்ளும் இருக்கிறது என்று நம்பிவிட்டு, அதை நான் சொல்கிறபடி எரியவிடு என்றால் அது நம்பிக்கையாகாது. ஜோஷ் போகிறான், சுடுகிறான், தான் கொன்றவனின் உடல் அருகே அடிபட்டுக் கிடந்து அழுகிறான். அவனை வீரன் என்று யாரும் மாலையிடவில்லை. அந்தச் சாவைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறான்.

கேள்வி (விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்): அந்தப் படையெடுப்பு உண்மையில் நடந்ததா?

பதில்: நடந்தது, ஆனால் படம் சொல்லும் ஆண்டில் அல்ல. தென் படைத் தளபதி ஜான் ஹன்ட் மார்கன் ஏறத்தாழ 2,400 குதிரை வீரர்களோடு 1863 ஜூலை 8 அன்று ஓஹையோ ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குள் நுழைந்தார். மறுநாள் கோரிடன் என்ற ஊரில் ஊர்க்காவல் படையை முறியடித்தார். வெர்னன் நகரம் சரணடைய மறுத்தபோது, தாக்காமல் விலகிப் போனார். கடைகளையும் தொழுவங்களையும் சூறையாடிக்கொண்டே ஓஹையோ மாநிலத்துக்குள் சென்ற அவரை அம்மாத 26ஆம் தேதி பிடித்துவிட்டார்கள்.

குவேக்கர்களுக்கு உண்மையான நெருக்கடி வேறு வழியிலும் வந்தது. 1863 மார்ச்சில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பணமும் போருக்குத்தானே போகிறது என்று அதைக் கட்ட மறுத்தவர்கள் இருந்தார்கள். 1864இல்தான் சமயக் காரணத்தால் ஆயுதம் எடுக்க மறுப்பவர்களுக்கு மருத்துவமனைப் பணியும் விடுதலை பெற்ற அடிமைகளைப் பராமரிக்கும் பணியும் மாற்றாகத் தரப்பட்டன. இன்னொரு பக்கம், அடிமை முறை ஒழிய வேண்டும் என்பதற்காகவே படையில் சேர்ந்த குவேக்கர் இளைஞர்களும் இந்தியானாவில் இருந்தார்கள். ஜோஷ் கற்பனைப் பாத்திரம். அவனுடைய சங்கடம் கற்பனையன்று.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): பண்ணையில் வேலை செய்யும் கறுப்பினத்தவரைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?

பதில்: படமும் போதுமான அளவு சொல்லவில்லை, இது அதன் பெரிய குறை. இனாக் என்ற அந்தப் பாத்திரம் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமை. அவருடைய பிள்ளைகள் இன்னும் அங்கே அடிமைகளாக இருக்கிறார்கள். போர் எதற்காக நடக்கிறதோ அதன் முழுப் பாரமும் அந்த வீட்டில் அவர் ஒருவர் மீதுதான் இருக்கிறது. அடிமை முறை தவறு, ஆனால் ஒருவனை விடுவிக்க இன்னொருவனைக் கொல்வதும் சரியாகாது என்ற எலைசாவின் வாதத்துக்கு இனாக் என்ன பதில் சொல்வார் என்று கேட்கப் படத்துக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு காட்சி இருந்திருந்தால் ஜெஸ்ஸும் எலைசாவும் பேசும் அறம் இன்னும் கடுமையான சோதனைக்கு உள்ளாகியிருக்கும். ஜோயல் ஃப்ளூவெலன் என்ற நல்ல நடிகர் கிடைத்தும் பயன்படுத்தாமல் விட்டார்கள். விதவை ஹட்ஸ்பெத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதி இவருக்குப் போயிருக்கலாம்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): என்னிடமிருக்கும் பழைய பிரதியில் இயக்குநர், இசையமைப்பாளர் எல்லோருடைய பெயரும் வருகிறது. ஜெஸமின் வெஸ்டின் புத்தகத்திலிருந்து எடுத்தது என்றும் வருகிறது. திரைக்கதை யார் என்று மட்டும் இல்லை. வெட்டிவிட்டார்களா?

பதில்: உங்கள் பிரதியில் பழுதில்லை. 1956இல் படம் அப்படியேதான் வெளிவந்தது. எழுதியவர் மைக்கேல் வில்சன்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றித் திரும்பிய வில்சன், 1940களின் பிற்பகுதியில், இயக்குநர் ஃப்ராங்க் காப்ராவுக்காக இந்தத் திரைக்கதையை எழுதினார். படம் அப்போது எடுக்கப்படாமல் நின்றுபோனது. 1951இல், திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தது. அவர் பதில் சொல்ல மறுத்தார். அடுத்த ஆண்டு ‘எ பிளேஸ் இன் த சன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய பிறகும், அப்படி மறுத்தவர்களுக்கு வேலை தரக்கூடாது என்று திரைத்துறை ஒதுக்கி வைத்திருந்த கறுப்புப் பட்டியலில் இருந்ததால் ஹாலிவுட்டில் அவர் பெயரோடு வேலை கிடைக்கவில்லை. வைலர் பழைய திரைக்கதையை எடுத்துப் படமாக்க முன்வந்தபோது, வெஸ்டும் வைலரின் சகோதரர் ராபர்ட் வைலரும் அதில் திருத்தங்கள் செய்தார்கள். அவ்விருவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று வைலர் விரும்பினார். எழுத்தாளர் சங்கம் வில்சன் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்தவர்களின் பெயரைப் போடாமலிருக்கத் தயாரிப்பாளர்களுக்கு உரிமை உண்டு என்று சங்கத்தின் ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருந்தது. நிறுவனம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. விளைவு, யாருடைய பெயரும் இல்லாத திரைக்கதை.

வைலரை இங்கே எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. 1947இல் அந்த விசாரணைகளை எதிர்த்துத் திரைத்துறையினரைத் திரட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒன்பது ஆண்டுகளுக்குள், மனசாட்சியைப் பற்றிய தம் படத்தில் மனசாட்சிக்காக வேலையிழந்தவரின் பெயர் விடுபடுவதற்கு அவரும் உடந்தையானார். பட்டியலில் உள்ளவரின் பெயரைப் போட்டால் திரையரங்குகளில் மறியல் நடக்கும் என்று எல்லாத் தயாரிப்பாளர்களும் அஞ்சிய காலம் அது என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. இன்னொரு பக்கம் கேரி கூப்பர். 1947இல் அதே குழுவின் முன் தாமாகச் சாட்சி சொன்னவர் அவர், கம்யூனிசம் தமக்குப் பிடிக்கவில்லை என்று. யாருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாட்சி சொன்னவர், சொல்ல மறுத்தவர் எழுதிய வசனங்களைப் பேசியிருக்கிறார்.

அடுத்து நடந்ததுதான் வினோதம். 1957 பிப்ரவரியில் ஆஸ்கர் அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்தவர்கள் விருதுக்குத் தகுதியற்றவர்கள். அதே மாதம் வெளியான பரிந்துரைகளில் இந்தப் படத்தின் திரைக்கதையும் இருந்தது. எழுதியவர் மட்டும் தகுதியற்றவராக அறிவிக்கப்பட்டார். சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட மொத்தம் ஆறு பரிந்துரைகள், விருது ஒன்றும் இல்லை. அதே விழாவில் சிறந்த மூலக்கதைக்கான விருதை ‘ராபர்ட் ரிச்’ என்பவர் வென்றார். அப்படி ஒரு ஆளே கிடையாது, அது கறுப்புப் பட்டியலில் இருந்த இன்னொரு திரைக்கதையாசிரியர் டால்டன் ட்ரம்போவின் புனைபெயர். 1959 ஜனவரியில் விதியைக் கைவிட்டார்கள். இதற்கிடையில், கான் திரைப்பட விழா 1957இல் தன் உயரிய விருதான தங்கப் பனையோலையை ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷ’னுக்குக் கொடுத்துவிட்டது.

வில்சன் பெயரில்லாமல் எழுதிய இன்னொரு படம் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில் படமாக்கப்பட்டது என்பதால் நம் வாசகர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். அதற்கான ஆஸ்கரும் அவருக்கு 1980களில், இறந்த பிறகே, வழங்கப்பட்டது. அவர் மறைந்தது 1978இல்.

கேள்வி (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்): அமெரிக்க அதிபர் ரீகன் இந்தப் படத்தை கோர்பசேவுக்குப் பரிசளித்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. 1988 மே மாத இறுதியில் மாஸ்கோவில் உச்சி மாநாடு நடந்தபோது, விருந்து ஒன்றில் பேசிய ரீகன் இப்படத்தின் கதையை எடுத்துச் சொல்லி, ஒளிநாடா ஒன்றையும் கொடுத்தார். போருக்கு மாற்று வழிகள் உண்டு என்பதைக் காட்டுவதற்கு அவருக்கு இந்தக் குவேக்கர் குடும்பம் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. தேர்வில் தவறு காண முடியாது.

ஆனால் அதே ரீகன், 1947இல் நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, கூப்பரைப் போலவே விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னவர். கம்யூனிஸ்டு என்று ஹாலிவுட் விரட்டிய எழுத்தாளரின் படைப்பை, சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளருக்கு அமெரிக்காவின் சிறப்பாக அவர் கொடுத்திருக்கிறார். அந்த ஒளிநாடாக்களில் திரைக்கதையாசிரியரின் பெயர் கிடையாது. எழுத்தாளர் சங்கம் வில்சனின் பெயரை இந்தப் படத்துக்கு மீட்டுக் கொடுத்தது 1996இல்.